கடலோரம் ஒரு கூலி யாத்திரை!

“கூலி வேலைக்கா பஞ்சம்? கையைக் காலை அசைச்சா ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபா!”

வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் எந்த இளைஞனும் வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிற வசனம் இது. சொல்கிறவர் பெரும்பாலும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார்.

சரி, அசைத்துத்தான் பார்ப்போமே என்று 2024-ம் வருஷம் மே 2-ம் தேதி காலையில் நானும் நண்பனும் பத்தமடையிலிருந்து கிளம்பினோம். (மே 1-ம் தேதி கிளம்பவில்லை. அன்றைக்கு உழைப்பாளர் தினம்... உழைக்கிறவர்களுக்கே லீவு!) நண்பன் டிப்ளமோ மெக்கானிக்கல். சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். ‘மறுபடியும் கூப்பிடுகிறோம்’ என்று சொல்லி மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டு போகிறான். எனக்கும் அப்போது வேலை கிடையாது.

திட்டம் ரொம்ப சிம்பிள். தாமிரபரணியோடு இறங்கிக் கடலைத் தொடுவது. அப்புறம் கடலைப் பிடித்துக்கொண்டே கன்னியாகுமரி வரை போவது. வேலை கிடைத்த இடத்தில் வேலை, மணல் கிடைத்த இடத்தில் தூக்கம். வாகனம், அப்பாவிடம் இரவல் வாங்கிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சாமான்கள்: ஒரு தார்ப்பாய், நைலான் கயிறு, டார்ச், ஒரு தூக்குச்சட்டி, ஒரு கோரைப்பாய். பத்தமடைக்காரன் பாய் இல்லாமல் வெளியூரில் படுத்தால் ஊர் என்ன சொல்லும்?

வேலை தேடிப் புறப்பட்டதில் எங்கள் ஊருக்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. 1887-ல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913-ல் கப்பலேறி மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை பார்த்தார். பத்து வருஷம் கழித்துத் திரும்பியவர் துறவியாகி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். எங்களுக்கு அவ்வளவு பெரிய லட்சியமெல்லாம் இல்லை. கைக்காசு கரையாமல் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் போதும்.

25 டிகிரி இருந்தால்தான் உப்பு!

திருநெல்வேலியைத் தாண்டி திருச்செந்தூர் ரோட்டில் இறங்கினால் இரண்டு பக்கமும் வாழை. ‘வாழைத்தார் சுமக்கக் கூப்பிட மாட்டார்களா?’ என்று ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு டீக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் கையால் ஓர் உயரத்தைக் காட்டினார். அவர் இடுப்புக்கு மேலே இருந்தது அது. 2023 டிசம்பர் வெள்ளம்!

அந்த மாதம் 17-ம் தேதியும் 18-ம் தேதியும் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. “வாழை போச்சு, அதோட சொமட்டு வேலையும் போச்சு தம்பி. இப்போ நட்டது தார் போட இன்னும் நாளாகும். அளத்துல போய்க் கேளுங்க” என்றார் டீக்கடைக்காரர்.

அளம் என்றால் உப்பளம். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடி மாவட்டத்தில்தான். ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் அளத்தில் சாயங்காலம் போய் நின்றோம். மேஸ்திரி அண்ணாச்சி எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை கால் செருப்பில் வந்து நின்றது.

“எங்கேருந்து வாரிய?”

“பத்தமடை, அண்ணாச்சி.”

“பாய் நெய்யுத ஊரு... உப்பு வாருவியளா?”

“சொல்லிக் கொடுத்தா செய்வோம்.”

“சொல்லிக் கொடுக்கதுக்கு மூணு மாசம் ஆவும். காலைல நாலு மணிக்கு வாங்க, மூடை தூக்கலாம்.”

அளத்துக் கரையிலேயே தார்ப்பாயைக் கட்டிப் படுத்தோம். நாலு மணிக்கு எழுந்தால் எங்களுக்கு முன்பே பெண்கள் வந்து தலைக்குச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் வெள்ளை உப்பு கண்ணாடி மாதிரி மின்னும். கண்ணைத் திறக்க முடியாது. அதனால்தான் இருட்டோடு வேலை.

உப்பு வாருவதை வேடிக்கை பார்த்தால் லேசாகத்தான் தெரியும். நீளக் கம்பில் பலகை, இழுத்தால் உப்பு வருகிறது. அவ்வளவுதானே? இல்லை. சீசன் தொடக்கத்தில் பாத்தித் தரையைக் காலால் மிதி மிதியென்று மிதித்து இறுக்கி வைத்திருக்கிறார்கள். பலகை கொஞ்சம் அழுந்தினால் அடியிலிருக்கும் களிமண் கிளம்பி உப்பு கறுத்துவிடும். அழுத்தம் குறைந்தால் உப்பு வராது. தண்ணீரையும் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட வைத்து, ஏறக்குறைய 25 டிகிரி அடர்த்தி வந்த பிறகுதான் உப்பு விளையும். அதை அளக்கக் கருவி உண்டு. ஆனால் அண்ணாச்சி விரலை விட்டு நாக்கில் வைத்தே சொல்கிறார். ‘நாங்களும் டிகிரி, டிப்ளமோ வாங்கினவங்கதான்’ என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

பதினோரு மணிக்குள் தோள்பட்டை போய்விட்டது. கூலி ஆளுக்கு 350. பக்கத்தில் சுமந்த ஓர் அம்மாவிடம், “வருஷம் முழுக்க இதே வேலையாம்மா?” என்று கேட்டேன்.

“மழை விழுந்தா அளம் மூடிருவான் ராசா. ஐப்பசி, கார்த்திகைல உலை வைக்கதுக்கு வட்டிக்கு வாங்கணும். வெயில் வந்ததும் அதை அடைக்கணும். இந்த வருசம் வெள்ளம் கொண்டாந்த சகதியை வழிச்சு எடுக்கவே ரெண்டு மாசம் போச்சு.”

மழைக்காலத்துக்கென்று அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. 2022-ல் தொடங்கிய திட்டம். வேலையில்லாத மூன்று மாதத்துக்கு அந்தப் பணம் எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. அளத்துக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஆளாளுக்குச் சுற்றி நின்று மோட்டாரைத் திட்டினார்கள். நண்பன் குனிந்து காதை வைத்துக் கேட்டான். “பைப்பு காத்து வாங்குது அண்ணாச்சி, கழட்டட்டுமா?” என்றான். மூன்று மணி நேரம். உப்பு அரித்துப்போன இணைப்பைக் கழற்றி, புது வாஷர் வாங்கி வந்து போட்டு, தண்ணீர் ஊற்றித் தட்டிவிட்டான். குபுகுபுவென்று இறைத்தது! முதலாளி எண்ணிக் கொடுத்தது 1,200 ரூபாய். காலையில் இரண்டு பேர் சேர்ந்து முதுகொடியத் தூக்கியதற்கு 700. மேஸ்திரி அவன் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். செருப்பை இப்போது யாரும் பார்க்கவில்லை.

பனை ஏறத் தெரியுமா?

அன்றிரவு திருச்செந்தூர் கோயில் கடற்கரை. முருகன் சந்நிதிக்கு முன்னால் மணலில் படுக்கிறவர்களுக்குக் கணக்கே இல்லை. கூடாரம் கட்டினால் நம்மைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். பாயை விரித்தோம், தூங்கினோம்.

மே 4. அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். குலசேகரன்பட்டினத்தில் அந்த பிப்ரவரி 28-ம் தேதிதான் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடுகிற ராக்கெட், இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீண். சின்ன ராக்கெட்டுகளுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து விட்டால் நேரே தெற்கே கடல்தான். “ராக்கெட் வேலைக்கு ஆள் எடுக்காங்களா?” என்று கேட்டதற்கு, “நீங்க நாப்பத்தி மூணாவது ஆளு” என்றார் பெட்டிக்கடைக்காரர். “கேக்க வாரவனுக்கு டீ வித்தே எனக்குப் பொழப்பு ஓடுது!”

அங்கிருந்து உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுக்குள் நுழைந்தால் செக்கச் செவேலென்று மணல் மேடு. அதற்குள்ளே பனை, பனை, பனை! உடன்குடிக் கருப்பட்டியின் தாய்வீடு. பனையேறுகிறவர் ஒருவர் மரத்திலிருந்து இறங்கி வந்தார். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் கலயம். ஒரு நாளைக்கு ஒவ்வொரு மரத்திலும் இரண்டு முறை ஏற வேண்டும். பாளையை ஒவ்வொரு தடவையும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் பதநீர் நின்றுவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் அது கள்!

“ஏற ஆள் கிடைக்கலேன்னு பேப்பர்ல போடுதான். உண்மைதான் தம்பி. எம் மவனே ஏற மாட்டேன்னு திருப்பூர் போயிட்டான். ஆனா ஆள் கிடைக்கலேன்னு ஒன்னைய ஏத்திவிட முடியுமா? விழுந்தா ஒங்க அம்மைக்கு யாரு பதில் சொல்லது?”

அந்தக் கேள்விக்கு எங்களிடமும் பதில் இல்லை. விடிலியில் அடுப்பெரிக்க விறகும் காய்ந்த ஓலையும் பொறுக்கிக் கொடுத்தோம். பதநீர் கொதித்துப் பாகாகி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்ததும் கருப்பட்டி. கூலியாக ஒரு கிலோ கருப்பட்டியும் ஓலைப் பட்டையில் வயிறு முட்டப் பதநீரும். இதை வரவில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காத்து இல்லாமல் ஏறுகிற கடல்

சாயங்காலம் மணப்பாடு. மணல் குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே புனித சவேரியார் 1542-ல் தங்கியதாகச் சொல்கிற குகை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி. படம் பிடிக்கிறவர்கள் சும்மா சுற்றவில்லை! விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வள்ளங்கள் போகலாம். ஆனால் வள்ளத்தில் அண்ணன், தம்பி, மச்சான் என்று சொந்தக்காரர்கள்தான் போகிறார்கள். கூலி கிடையாது, பங்குதான். டீசலும் ஐஸும் கழித்து மிஞ்சியதில் பங்கு. மிஞ்சாவிட்டால் அதற்கும் பங்கு! முன்பின் தெரியாதவனை நடுக்கடலில் யார் நம்புவார்கள்?

தண்ணீரிலிருந்து முப்பது அடி தள்ளி, நல்ல சமதரையாகப் பார்த்துத் தார்ப்பாய் கட்டினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

“தம்பி, அதை அவுருங்க. மேல போய்க் கட்டுங்க.”

“காத்தே இல்லையே பெரியவரே...”

“அதாம்லே சொல்லுதேன். காத்து இல்ல, கடல் மட்டும் ஏறுது. இது கள்ளக்கடல்.”

கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பின அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். மழை இருக்காது, காற்று இருக்காது. கடல் மட்டும் திடீரென்று கரையேறும். மீனவர்கள் வைத்த இந்தப் பெயரை 2012-ல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்டது. மே 4, 5 தேதிகளுக்கு ஐதராபாத் கடல் தகவல் மையம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. பெரியவர் அதைப் போனில் பார்த்தாரா, கடலில் பார்த்தாரா என்று கேட்கவில்லை. அவிழ்த்து மேட்டுக்குத் தூக்கிப் போனோம்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். சத்தம் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், நாங்கள் முதலில் கட்டியிருந்த இடத்தில் நுரை ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் ஒன்றும் பேசவில்லை. கருப்பட்டியை உடைத்து என் கையில் ஒரு துண்டு வைத்தான்.

மே 6-ம் தேதி கூடங்குளத்தில் டீ குடிக்கும்போது டி.வி.யில் அந்தச் செய்தி வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோய்விட்டது. எங்கள் வயசு, கொஞ்சம் சின்னவர்கள்கூட இருக்கலாம். அவர்களிடம் ‘மேலே ஏறுங்க’ என்று சொல்ல ஒரு வலைக்காரப் பெரியவர் அந்த நேரம் அங்கே இல்லாமல் போய்விட்டாரே என்றுதான் தோன்றியது. டீ ஆறிப்போனது.

வெங்காயமும் கேட் பாஸும்

நடுவில் ஞாயிற்றுக்கிழமை உவரி. அந்தோணியார் கோயிலுக்கு நேர்ச்சைக்கு வந்த ஒரு குடும்பம் ஊருக்கே சாப்பாடு போட்டது. சமையல் மாஸ்டருக்கு ஒரு கை குறைந்தது. எங்களிடம் நாலு கை இருந்தது. ஒரு மூட்டை வெங்காயம் உரித்து, பந்தி பரிமாறி, அண்டா கழுவியதற்கு ஆளுக்கு 400, இரண்டு வேளை சாப்பாடு. இந்த யாத்திரையிலேயே நாங்கள் கண்ணீர் விட்டு அழுத இடமும் இதுதான்.

கூடங்குளத்தில் அணுமின் நிலையத்துக்குப் புது உலைகள் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு காண்ட்ராக்ட் ஏஜென்ட், “ஆதார், போலீஸ் சரிபார்ப்புச் சான்று, முன்அனுபவம், கேட் பாஸ்... எல்லாம் ரெடி பண்ணிட்டு வாங்க” என்றார். “எத்தனை நாள் ஆகும் சார்?” “அது போலீஸைப் பொறுத்தது.” ஒரு வாரத்துக்கு வந்தவனுக்கு அது சரிப்படாது.

கடைசி நாள், மே 8. கடல் அடங்கியிருந்தது. கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் நின்று கயிற்றை இழுப்பது. “மக்கா, சும்மா நிக்காத, பிடி!” என்று ஒருவர் குரல் கொடுத்தார். பிடித்தோம். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் உள்ளங்கை எரிய இழுத்ததற்கு ஆளுக்கு நூறு ரூபாயும் ஒரு தூக்குச்சட்டி நிறைய நெத்திலியும். வந்தவனை வாவென்று சேர்த்துக்கொண்ட ஒரே வேலை இதுதான். கரமடியும் ஒவ்வொரு கரையாகக் குறைந்துகொண்டு வருகிறது என்று அங்கேயே சொன்னார்கள்.

வரவு – செலவு

வரவு: மூட்டை 700, மோட்டார் 1,200, வெங்காயம் 800, கரமடி 200. ஆக 2,900.

செலவு: பெட்ரோல் 650, சாப்பாடு, டீ 1,350, பஞ்சரும் மற்றதும் 200. ஆக 2,200.

மிச்சம் 700. ஆளுக்கு 350. ஏழு நாள் அலைந்த பிறகு மிஞ்சியது ஒரு நாள் உப்பளக் கூலி! மோட்டார் மட்டும் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் அந்த 700-ம் கிடையாது, கைக்காசில் 500 துண்டு விழுந்திருக்கும்.

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் பதில் இதுதான். கடலோரத்தில் வேலை நிறைய இருக்கிறது சார். ஆனால் ‘சும்மா வேலை’ ஒன்றுகூட இல்லை. உப்பு வார மூன்று மாதப் பழக்கம் வேண்டும், பனை ஏறப் பத்து வருஷப் பழக்கம் வேண்டும், வள்ளத்தில் ஏற மச்சான் வேண்டும், கேட்டைத் தாண்ட முத்திரை வேண்டும். எங்கள் ஊரில் கோரையை இழை இழையாகக் கீறி, மாப்பிள்ளை பெண் பெயரைப் போட்டுப் பட்டுப்பாய் நெய்கிற அக்காமாரையும் கணக்கில் ‘கூலி’ என்றுதான் எழுதுகிறோம். அது தொழில். கூலி என்று பெயர் வைத்தது, குறைத்துக் கொடுக்க வசதியாக இருப்பதற்காக.

கொசுறு

நீங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தால்:

• உப்புக்கும் பனைக்கும் கோடைதான் சீசன். ஐப்பசியில் போய் அளத்தில் நிற்காதீர்கள்.

• ‘எந்த வேலையும் செய்வேன்’ என்று சொல்லாதீர்கள். தெரிந்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். வயரிங், வெல்டிங், டிரைவிங், கணக்கு... எதுவானாலும் சரி. ஒரு ஸ்பானர் செட், பத்து சர்ட்டிபிகேட்டுக்குச் சமம்.

• மணலில் ஈரம் தெரிகிற கோட்டுக்கு ரொம்ப மேலே படுங்கள். கட்டுவதற்கு முன் கரையில் இருக்கிற வயசானவர் ஒருவரிடம் கேளுங்கள். காற்றில்லாமல் கடல் ஏறினால் கேள்வி கேட்காமல் நீங்களும் ஏறுங்கள்.

• ஆதார் நகலை பாலிதீன் கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் நண்பனின் போன் ஒருவழியாக அடித்தது. சென்னைத் தொழிற்சாலை இல்லை, அளத்து மேஸ்திரி! “தம்பி, இன்னொரு மோட்டார் படுத்துட்டு. வாரியளா?” போனவன் அங்கேயே தங்கிவிட்டான். சுற்றுவட்டார அளங்களுக்கெல்லாம் இப்போது அவன்தான் மோட்டார் டாக்டர். மழைக்காலத்தில் வயல்காட்டு மோட்டார்கள் இருக்கவே இருக்கின்றன. ‘அண்ணாச்சி’ என்று அவனையே கூப்பிடுகிறார்களாம்.

நானா? உள்ளங்கைக் கொப்புளம் ஆறியதும் பேனாவைப் பிடித்துவிட்டேன். இதற்கு என்ன கூலி என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்!